மளிகை லிஸ்ட் எழுதும் முன்: வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

'வீட்டில் கிடக்கும் பொருளைத் தீர்த்து மளிகைச் செலவைக் குறைப்பதில் உங்களுக்கு எங்கே இடிக்கிறது?' என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் வடசென்னைக் கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறோம். கடற்காற்று, போர்வெல் தண்ணீர், ரேஷன் பை மூன்றும் சேர்ந்து அங்கே சிக்கல்களே கொஞ்சம் வேறு மாதிரி இருக்கின்றன.

வீட்டில் 5 பேர். ரேஷனும் வாங்குகிறோம், மாதாமாதம் கடையிலும் லிஸ்ட் போடுகிறோம். அலமாரி நிறைய டப்பா. ஆனாலும் 20-ஆம் தேதிக்கு மேல் 'அது இல்லை, இது இல்லை' என்று கடைக்கு ஓட்டம்தான். எங்கே தொடங்குவது?
— வாசகி, தண்டையார்பேட்டை

கிலோவில் எண்ணுவதை விட்டுவிட்டு வேளையில் எண்ணுங்கள். 'துவரம்பருப்பு ஒன்றேகால் கிலோ இருக்கு' என்று எழுதி வைத்தால் அதிலிருந்து ஒன்றும் புரியாது. 5 பேர் வீட்டுச் சாம்பாருக்கு 150 கிராம் என்று வைத்தால் அது 8 சாம்பார். ரேஷனில் 30 ரூபாய்க்கு வரும் 1 கிலோவையும் சேர்த்தால் 15 சாம்பார். வாரத்துக்கு மூன்று முறை சாம்பார் வைக்கிற வீடு என்றால் அந்த மாதம் கடை லிஸ்டில் துவரம்பருப்பே வரக்கூடாது. ரவை, உளுந்து, எண்ணெய் எல்லாவற்றையும் இப்படியே 'எத்தனை வேளை' என்று எழுதுங்கள். உங்கள் வீட்டு டம்ளரே அளவு, தராசு தேவையில்லை.

அடுத்து, அலமாரியைக் காலி செய்து மூன்று குவியல் போடுங்கள். தினமும் கை போகும் பொருள் ஒன்று. பிரித்துப் பாதியில் விட்டது இரண்டாவது. வாங்கி வைத்ததோடு மறந்து போனது மூன்றாவது: அரைப் பாக்கெட் சேமியா, யாரோ நல்லது என்று சொன்னதால் வாங்கிய வரகரிசி, பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிய பாஸ்தா, ஒரு முறை செய்து அலுத்த ஓட்ஸ். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே கூடைக்குள் போய்க் கண்ணுக்கு நேராக உட்கார வேண்டும். வாரத்தில் இரண்டு டிபன் அந்தக் கூடையிலிருந்துதான் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

இங்கேதான் பலருக்குக் கணக்குத் தப்புகிறது. பழைய பொருள் ஒன்றைத் தீர்க்க, புதிதாக ஒரு பொருளுக்கு மேல் வாங்காதீர்கள். அதுவும் வெங்காயம், கேரட் மாதிரி நாளைக்கும் உதவுகிறதாக இருக்கட்டும். கிடக்கும் பாஸ்தாவைத் தீர்க்க 150 ரூபாய்க்குச் சீஸ் வாங்கினால் தீர்ந்தது பாஸ்தா அல்ல, துட்டு. அந்தப் பாஸ்தாவை வேகவைத்து வடித்து, வெங்காயம், தக்காளி, சாம்பார் பொடி போட்டுப் பிரட்டினால் போதும். சேமியா உப்புமா மாதிரியே இறங்கும்.

புதுப் பாக்கெட்டைப் பழைய மிச்சத்தின் மேல் கொட்டும் பழக்கத்தையும் விடுங்கள். அடியில் இருப்பது ஆறு மாதம் அடியிலேயே இருக்கும். அதிலுள்ள வண்டு முட்டை புதுப் பொருளுக்கும் ஏறும். மிச்சத்தை ஒரு சின்ன டப்பாவுக்கு மாற்றி, பெரியதைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே புதியதைக் கொட்டுங்கள்.

கொத்தவால் சாவடிப் பக்கம் போய் மூட்டையாக வாங்கினால் மலிவுதானே என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். அரிசி, புளி, உப்பு, மிளகுக்கு மலிவுதான். மாவு, ரவை, உடைத்த பருப்பு எல்லாம் மூட்டையில் வாங்கிக் கால்வாசியைக் கொட்டினால் சில்லறைக் கடை விலையே தேவலை.

ரேஷன் புழுங்கலரிசியில் வண்டு. மொட்டை மாடியில் நாள் முழுக்கக் காயவைத்தேன். போனது, மூன்று வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. அதில் வெள்ளை வெளேரென்று சில அரிசியும் இருக்கின்றன. பிளாஸ்டிக் என்கிறார்களே?
— வாசகி, கொருக்குப்பேட்டை

திரும்ப வரவில்லை, அரிசிக்குள்ளேயே இருந்திருக்கிறது. பெண் வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு மேலே அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, நம்மூர்ச் சூட்டுக்கு ஒரு மாதம் போல ஆனதும் வண்டாக வெளியே வரும். வெயிலில் ஓடுவது வெளியே திரிகிற வண்டு மட்டும்தான். உச்சி வெயிலில் நாள் முழுக்கப் போட்டால் அரிசி வெடித்து நொய்யாகிறதே தவிர, முட்டை முழுவதும் சாவதில்லை.

காலை வெயிலில் இரண்டு மணி நேரம் மெல்லிசாகப் பரப்புங்கள். ஓடுகிறது ஓடட்டும். பிறகு சலித்து, முறத்தில் புடைத்துவிட்டு, 10 நாளைக்கு வேண்டியதை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் காற்றுப் புகாத டிரம்மில் அடையுங்கள். ஃபிரிட்ஜில் நன்றாக உறையும் ஃபிரீசர் இருந்தால் 2 கிலோ பையாகக் கட்டி 4 நாள் வையுங்கள். முட்டையும் சேர்ந்து சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். சில்லிப்பு அடங்குமுன் பிரித்தால் அரிசி வியர்த்து, பூசணம் பிடிக்கும். நிழலில் காய்ந்த வேப்பிலை, காய்ந்த மிளகாய் எல்லாம் வண்டை விரட்டும், கொல்லாது. சுத்தமான அரிசியில் போட்டால் உதவும். ஏற்கெனவே வண்டு ஏறியதில் போட்டுப் பிரயோசனமில்லை. கிடங்குகளில் மூட்டைக்கு நடுவே வைக்கும் மாத்திரையை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். அதிலிருந்து வருவது ஆளைக் கொல்லும் வாயு. மூடிய அறையில் தூங்குகிற குடும்பத்தையே எடுத்துவிடும்.

வண்டு துளைத்த அரிசி லேசாக இருக்கும். கழுவும்போது மேலே மிதப்பதை வடித்துவிட்டால் மிச்சம் சாப்பிட உகந்ததுதான். அள்ளினால் கையில் மாவாக ஒட்டி, முக்கல் வாடை அடித்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

வெள்ளை மணி பிளாஸ்டிக் இல்லை. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி மாவிலேயே அரிசி வடிவத்தில் செய்த செறிவூட்டிய மணி. 100 கிலோவுக்கு 1 கிலோ என்ற கணக்கில் கலந்திருப்பார்கள். நிறம் வேறாகத் தெரியும், சிலது தண்ணீரில் மிதக்கும். ஆக, மிதப்பதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கொட்டாதீர்கள். ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். முழு மணியாக இருந்தால் உலையில் போடுங்கள்.

துவரம்பருப்பு 8 விசில் வந்தாலும் முழுசு முழுசாக நிற்கிறது. மூன்று கிலோ கிடக்கிறது. கொட்டவும் மனசில்லை.
— வாசகி, திருவொற்றியூர்

கொட்டவே வேண்டாம். முதலில் குற்றவாளி பருப்பா தண்ணீரா என்று பாருங்கள். உங்கள் பக்கம் போர் தண்ணீர் கடினம். அதிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் பருப்பின் மணியை இறுக்கிவிடும். எத்தனை விசில் விட்டாலும் இளகாது. ஒரு கைப்பிடியைக் கேன் தண்ணீரிலும், ஒரு கைப்பிடியைப் போர் தண்ணீரிலும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து ஒரே குக்கரில் வேகவிடுங்கள். கேன் தண்ணீரில் மட்டும் குழைந்தால் விஷயம் அவ்வளவுதான். பருப்புக்கு மட்டும் குடிதண்ணீர் ஊற்றுங்கள், ஒரு லிட்டர்கூடச் செலவாகாது.

இரண்டிலும் வேகவில்லை என்றால் பருப்புக்கு வயசாகிவிட்டது. சூட்டிலும் ஈரக்காற்றிலும் பல மாதம் கிடந்தால் இப்படி ஆகும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீரில் மஞ்சள்தூள், இரண்டு சொட்டு எண்ணெயோடு வேகவிடுங்கள். தக்காளி, புளி, உப்பு மூன்றும் வெந்த பிறகுதான். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் சட்டென்று குழையும். ஆனால் பி1 வைட்டமின் போகும், கூடினால் சோப்பு ருசி வரும். கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று கிலோவையும் சாம்பாரிலேயே தீர்க்க வேண்டும் என்பதில்லை. வேகாத பருப்பை அரைத்துவிடுவதுதான் எங்கள் கட்சி. இரண்டு மணி நேரம் ஊறவைத்துக் கொரகொரவென்று அரைத்தால் உருண்டைக் குழம்புக்கும் வடைக்கும் பருப்பு உசிலிக்கும் புதுப் பருப்புக்கு இது சளைத்ததல்ல. ஊறவைக்க நேரமில்லையா? ஒரு டம்ளர் பருப்பைச் சிறு தீயில் மணம் வரும்வரை வறுத்து, 6 காய்ந்த மிளகாய், அரைத் தேக்கரண்டி மிளகு, சுண்டைக்காய் அளவு பெருங்காயம், உப்பு சேர்த்துப் பொடியுங்கள். ஆறிய பிறகு பாட்டிலில் போட்டால் ஒரு மாதம் சோற்றுக்கு ஆயிற்று. அந்த மாதம் இரண்டு நாள் குழம்பே வைக்க வேண்டாம்.

கைப்பிடி பாசிப்பயறு, கொஞ்சம் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மைசூர் பருப்பு… எதுவும் ஒரு வேளைக்குக் காணாது.
— வாசகி, வியாசர்பாடி

அடைக்கென்றே பிறந்த மிச்சம். புழுங்கலரிசி 2 டம்ளருக்குக் கலப்புப் பருப்பு ஒன்றரை டம்ளர். அதில் கடலைப்பருப்போ துவரம்பருப்போ பாதியாவது இருக்கட்டும். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு போன்ற முழுப்பயறை முதல் நாள் இரவே தனியாக ஊறப்போட வேண்டும். உடைத்த பருப்போடு சேர்த்து இரண்டு மணி நேரம் மட்டும் ஊறினால் அடையில் கல்லு கல்லாகக் கடிக்கும். 8 மிளகாய், சோம்பு, உப்பு சேர்த்து ரவை பதத்துக்கு அரையுங்கள். உளுந்து அதிகமானால் அடை மெத்தென்று தோசை மாதிரி ஆகிவிடும். கால் டம்ளரோடு நிறுத்துங்கள். முருங்கைக்கீரை கிடைத்தால் போடுங்கள், இல்லாவிட்டாலும் குறையில்லை. இந்த அளவுக்கு 14, 15 அடை வரும்.

பயறின் மேல் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது வண்டு முட்டை. வட்டமாக ஓட்டை விழுந்திருந்தால் வண்டு வெளியேறிவிட்டது. ஓட்டைப் பயறு சரியாக முளைக்காது. ஊறவைக்கும்போது மிதக்கும், வடித்துவிடுங்கள். இனி வாங்கும் பயறில் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுக் கையால் பிசறி வைத்தால் முட்டை ஒட்டாது.

மைதா லேசாக ரோஸ் நிறமாகி ஒரு மாதிரி வாடை. சலித்துவிட்டுச் சுடலாமா?
— வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

கூடாது. சின்னச் செவ்வண்டு மாவில் பெருகினால் அது விடும் ரசாயனத்தால்தான் அந்த நிறமும் நெடியும். சலித்தால் வண்டு போகும், அது போகாது. கோதுமை மாவுக்கும் இதே பேச்சுதான். ரவையில் இழை இழையாக நூல் கட்டியிருந்தால் அந்துப்பூச்சிப் புழு, அதையும் விட்டுவிடுங்கள். ரவை வாங்கிய அன்றே வறுத்து, ஆறவைத்து அடைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

காசிமேட்டில் வாங்கிய நெத்திலி, வாளை, சுறா, சென்னாக்குன்னி (காய்ந்த பொடி இறால்) என்று கருவாடு மட்டும் நான்கு பொட்டலம் இருக்கிறது. மழை வந்தால் பிசுபிசுக்கிறது. எது நல்லது, எது போனது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகி, ராயபுரம்

வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் விரலால் தேயுங்கள். நறநறவென்று தேய்ந்து தண்ணீரில் கரைந்தால் உப்பு, பயமில்லை. பஞ்சு மாதிரி இழுபட்டால் பூசணம். மிளகுப்பொடி தூவினாற்போலப் பழுப்புப் புள்ளி இருந்தால் அதுவும் பூசண வகைதான். சதையில் ரோஸ் அல்லது சிவப்புத் திட்டு படர்ந்து, தொட்டால் வழவழப்பாக இருந்தால் உப்பிலேயே வாழும் கிருமி ஏறிவிட்டது. இவை மூன்றையும் தூர எறியுங்கள். வெறும் பிசுபிசுப்பு மட்டும் என்றால் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்திருக்கிறது, அவ்வளவுதான். நல்ல வெயிலில் இரண்டு நாள் காயட்டும்.

காய்ந்ததும் நெத்திலிக்குத் தலையைக் கிள்ளி, வாளையைத் துண்டு போட்டு, ஒரு வேளைக்கு வேண்டியதைத் தனித்தனியாக நியூஸ்பேப்பரில் மடித்து, அதன் மேல் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பை போட்டு ஃபிரீசரில் வையுங்கள். வாடையும் பரவாது, ரோமம் உள்ள அந்தக் கருவாட்டுப் புழுவும் வராது. ஃபிரீசர் இல்லாத வீட்டில் தகர டின்தான். ஆனால் ஐப்பசி பிறக்குமுன் தீர்த்துவிட வேண்டும்.

எப்போது தீர்ப்பது என்பதில்தான் காசு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, மீன் விலை ஏறும். கருவாட்டை அந்த இரண்டு மாதத்துக்கென்று ஒதுக்கினால் மீனுக்கு ஆகும் செலவு அப்படியே மிச்சம். ஜூன் கடைசியில் வலை மீன் மலிந்த பிறகு கருவாட்டுப் பொட்டலத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மழை வந்து வீணாவது அப்படித்தான்.

5 பேருக்குக் குழம்பு வைக்க வாளைக் கருவாடு 100 கிராம், எலுமிச்சை அளவு புளி, சாம்பார் பொடி 2 மேசைக்கரண்டி, கத்தரிக்காய் 4, கிடக்கிற மொச்சை ஒரு கைப்பிடி. நெத்திலியை வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, மணல் போகும்வரை மூன்று நான்கு தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும். வாளையும் சுறாவும் உப்பு கூடுதல், அரை மணி ஊறட்டும். குழம்பு கொதித்து, காய் வெந்த பிறகு கருவாட்டைப் போட்டு 7, 8 நிமிடம் கொதித்தால் போதும். முதலிலேயே போட்டால் கரைந்து முள்ளு மட்டும் மிஞ்சும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போட வேண்டும்; பல நாள் போடவே வேண்டியிருக்காது.

சென்னாக்குன்னிக்கு வேறு வழி. வெறும் சட்டியில் சிறு தீயில் 5 நிமிடம் வறுத்து, முறத்தில் புடைத்தால் மீசையும் தூசியும் பறந்துவிடும். காய்ந்த மிளகாய் 5, பூண்டு 6 பல், கொஞ்சம் புளி சேர்த்துப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். கூழுக்கும் பழைய சோற்றுக்கும் இதைவிட என்ன வேண்டும்?

ஆடிக் கூழுக்கு வாங்கிய கேழ்வரகு மாவு 2 கிலோ மிஞ்சிவிட்டது. எத்தனை நாள் தாங்கும்?
— வாசகி, கொடுங்கையூர்

மில்லில் அரைத்த மாவு என்றால் இரண்டு மாதம். அதற்கு மேல் அதிலுள்ள கொழுப்பு கெட்டு, காறல் ஏறும். துளி மாவை நாக்கில் வைத்தாலே தெரியும், கசந்தால் விட்டுவிடுங்கள்.

கோயிலில் ஊற்றும்போது அண்டாக் கணக்கு, வீட்டுக்கு டம்ளர் கணக்கு. ஒரு டம்ளர் மாவை 2 டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து இரவு முழுக்கப் புளிக்க விடுங்கள். மறுநாள் அரை டம்ளர் நொய்யை 3 டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, கரைத்த மாவைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கிளறுங்கள். நொய்க்குத் தனியாகக் காசு வேண்டாம். ரேஷன் அரிசி சலிக்கும்போது விழும் உடைசலே நொய். கொதியில் காய்ந்த மாவை நேராகக் கொட்டினால்தான் கட்டி தட்டும். சிறு தீயில் கால் மணி நேரம் கிளறிய பிறகு, கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பாருங்கள். ஒட்டாமல் வந்தால் வெந்தது. ஒட்டினால் இன்னும் வேக வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் பச்சை வாடை மோர் ஊற்றினாலும் போகாது. ஆறியதும் உருட்டி வைத்து, மறுநாள் மோர், சின்ன வெங்காயம், உப்பு போட்டுக் கரைத்தால் 5 பேருக்குக் காலை டிபன் செலவு இல்லை.

ரேஷன் கோதுமை 10 கிலோ அப்படியே இருக்கிறது. மொத்தமாக அரைத்துவிடலாமா?
— வாசகர், பெரம்பூர்

முழு கோதுமை ஈரமில்லாமல் இருந்தால் பல மாதம் கெடாது. அரைத்த மாவு ஒன்றரை மாதத்தில் காறும். எனவே முறைக்கு 2 கிலோ, 3 கிலோவாகவே அரையுங்கள். மில்லில் உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய்க்கு அடுத்த ஆளாகப் போனால் அன்றைய சப்பாத்தி கண்ணைக் கலக்கும். சூடாக வரும் மாவை வந்த கையோடு டப்பாவில் அடைக்காதீர்கள். மூடிக்குள் வியர்த்து, மாவு கட்டியாகிப் புளிக்கும். வேட்டியில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். சலித்து வரும் தவிட்டைத் தோசை மாவில் ஒரு கைப்பிடி கலந்தால் அதுவும் வீணில்லை. அரைக்க அலுப்பாக இருந்தால் மிக்சியில் கொரகொரவென்று உடைத்து, சலித்து, உப்புமாவுக்கும் கஞ்சிக்கும் வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர்.

தினமும் சோறு மிஞ்சுகிறது. காலையில் லெமன் சாதம் கிளறிவிடுகிறேன். வடகமும் போட்டுப் பார்த்தேன், கறுத்துப் போனது.
— வாசகி, எண்ணூர்

லெமன் சாதத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. வேகும்போதும் சாகாத கிருமி வித்து அரிசியில் உண்டு. சோறு வெதுவெதுப்பாகக் குக்கரிலேயே மூடிக் கிடந்தால் அது முளைத்து நஞ்சைக் கக்கும். காலையில் எவ்வளவு கிளறினாலும் அந்த நஞ்சு சூட்டில் அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்குக்கு எலுமிச்சம்பழத்தின் மேல் பழி போடுவார்கள். மறுநாள் கிளற வேண்டுமென்றால் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் அகலத் தட்டில் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். இல்லையென்றால் ஆறிய சோற்றில் இரண்டு விரல் மேலே நிற்கிற மாதிரி குடிதண்ணீர் ஊற்றி மண்சட்டியில் வைத்துப் பழையதாக்குங்கள். சித்திரை, வைகாசிச் சூட்டில் காலை 10 மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். நூல் விட்டாலோ வழவழத்தாலோ வேண்டாம்.

தினமும் மிஞ்சுகிறது என்றால் உலையில்தான் தவறு. ஒரு வாரம், மிஞ்சிய சோற்றைக் கரண்டிக் கணக்கில் எழுதுங்கள். தினமும் இரண்டு கரண்டி மிஞ்சுகிற வீட்டில் அரை டம்ளர் அரிசி குறைத்துப் போட்டாலும் யாருக்கும் பசிக்காது.

வடகம் கறுத்ததற்குக் காரணம் ஒன்று மாதம், இன்னொன்று உங்கள் ஊர்க் காற்று. மாசியிலிருந்து வைகாசி வரைதான் வடகம். மற்ற மாதங்களில் காய்வதற்குள் பூசணம் முந்திக்கொள்ளும். எண்ணூர், மணலிப் பக்கம் கரித்தூளும் லாரிப் புழுதியும் படியும் என்பதால் மேலே மெல்லிய வெள்ளைத் துணி கட்டியே தீர வேண்டும். துணி வடகத்தில் படாமல் நாலு மூலையிலும் செங்கல் வைத்து உயர்த்துங்கள். 3 கப் சோற்றுக்குப் பச்சைமிளகாய் 3, சீரகம் அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. அரைக்கும்போது சப்பென்றுதான் இருக்க வேண்டும், காயக் காய உப்பு ஏறும். தண்ணீர் விடாமல் அரைத்து, சிறிசாகக் கிள்ளி வையுங்கள். இரண்டாம் நாள் திருப்பிப் போடுங்கள். உடைத்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னொரு நாள் வெயில்.

ரேஷன் பாமாயில் டிசம்பரில் உறைந்து போகிறது. கலப்படமா?
— வாசகர், எம்.கே.பி. நகர்

இல்லை, பாமாயிலின் இயல்பு அதுதான். பாக்கெட்டை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் தெளிந்துவிடும். 25 ரூபாய்க்கு வரும் லிட்டரைச் சந்தேகப்பட்டு ஒதுக்கிவிட்டுக் கடையில் அதைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டாம். பொரித்த எண்ணெயை அன்றே வடிகட்டி, இரண்டொரு நாளில் தாளிக்கவே தீர்த்துவிடுங்கள். கறுத்து, நுரைத்து, சீக்கிரமே புகைய ஆரம்பித்தால் சமையலுக்கு ஆகாது. அதைக் கழிவுநீர்க் குழாயிலும் ஊற்றாதீர்கள்.

தேதி முடிந்த மசாலாப் பொடி, பூத்த நிலக்கடலை, பழைய மிளகாய்… எதை வைத்துக்கொள்வது?
— வாசகி, மாதவரம்

பாக்கெட்டில் 'பெஸ்ட் பிஃபோர்' என்றிருந்தால் அது ருசிக்கான தேதி. மசாலாப் பொடி அதைத் தாண்டினால் மணம் குறையும், வேறு கெடுதல் இல்லை. 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பைரி' என்றிருந்தால் அத்தோடு முடிந்தது, பேச்சில்லை. உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். மணம் மங்கியிருந்தால் 100 கிராம் பழைய சாம்பார் பொடிக்கு 25 கிராம் மல்லியும் கால் தேக்கரண்டி வெந்தயமும் புதிதாக வறுத்துப் பொடித்துக் கலந்தால் பழையபடி எழும்.

நிலக்கடலை, காய்ந்த மிளகாய், கொப்பரை மூன்றிலும் பூசணத்தைப் பார்த்தால் சிக்கனம் பார்க்காதீர்கள். அந்தப் பூசணம் விடும் அஃப்லடாக்ஸின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் பொரித்தாலும் போகாது. பூத்ததைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தை அரைப்பதும் வேண்டாம். மிளகாயைக் கிள்ளி உள்ளே பாருங்கள். வெளியே சிவப்பாக இருந்து உள்ளே கரும்பச்சையாகப் பொடி பறக்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தளத்தில் வைத்திருந்த மூன்று மாத மளிகையும் போனது. இனி சேர்த்து வைப்பதா, வேண்டாமா?
— வாசகர், மணலி

சேர்த்து வையுங்கள், மாதம் பார்த்து. மாசி, பங்குனியில் புதுப் புளி, மிளகாய், பருப்பு வாங்கி வெயிலில் காயவைத்து நிறைக்கலாம். ஆவணி முதல் இறங்குமுகமாகத் தீர்த்துக்கொண்டே வந்து, அக்டோபரில் மழை தொடங்கும்போது 15 நாள் பொருள் மட்டும் கையில் இருக்கட்டும். செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் கடை பில் தானாக இறங்கும். அந்த 15 நாள் பொருளும் இடுப்புயரத்துக்கு மேல் பரணில். அவல், பொரிகடலை, வெல்லம் போன்று அடுப்பில்லாமல் சாப்பிட முடிந்தவை முன்னால்.

வெள்ளத் தண்ணீர் பட்ட அரிசி, பருப்பு, மாவு, பிளாஸ்டிக் பாக்கெட் எதையும் காயவைத்துத் திரும்ப எடுக்காதீர்கள். அந்த வெள்ளத்தைக் கொண்டுவந்த மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் அந்தத் தண்ணீரில் எண்ணெய்க் கழிவும் கலந்திருந்தது. சாக்கடை எப்போதும் உண்டு. கரண்ட் போனால் மூடிய ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் குளிர் தாங்கும். அடிக்கடி திறந்து பார்த்தால் அதுவும் இல்லை. முதலில் தீர்க்க வேண்டியது மீன், கறி, பால். ஊறுகாய், புளிக்காய்ச்சல் காத்திருக்கும்.

நாங்கள் ஒற்றை அறையில் இருக்கிறோம், ஃபிரிட்ஜ் இல்லை. அன்றாடக் கூலியில் 50, 100 ரூபாய்க்குத்தான் வாங்குகிறோம். இதெல்லாம் எங்களுக்கு ஆகுமா?
— வாசகி, புளியந்தோப்பு

அன்றன்றைக்கு வாங்குகிற வீட்டில் வீணாவது குறைவு. சின்னப் பாக்கெட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில்தான் உங்கள் காசு போகிறது. கெடாத நான்கு பொருளை, அதாவது புளி, உப்பு, மிளகாய், நல்லெண்ணெயை, கூலி கூடுதலாக வந்த வாரத்தில் ஒவ்வொன்றாகக் கால் கிலோ, அரை லிட்டர் என்று வாங்கிவிடுங்கள். அதிலேயே ஒரு புளிக்காய்ச்சல் செய்தால் ஃபிரிட்ஜ் இல்லாமலே இரண்டு வாரம் ஓடும்.

புளி 100 கிராமைக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். நல்லெண்ணெய் 100 மில்லியில் கடுகு, கடலைப்பருப்பு 2 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 12, பெருங்காயம் தாளித்து, மஞ்சள்தூள், உப்பு, புளிக்கரைசல் சேர்த்துச் சிறு தீயில் கொதிக்க விடுங்கள். அரை மணி நேரத்தில் சுண்டி, எண்ணெய் பிரிந்து மேலே வரும். அதற்குமுன் இறக்கினால் நீர் நின்று கெடும். வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி கடைசியில். ஆறிய பிறகு காய்ந்த கண்ணாடி பாட்டிலில் போட்டு, மேலே எண்ணெய் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு வேளைச் சோற்றுக்கு இரண்டு தேக்கரண்டி போதும். எடுக்கும் கரண்டியில் ஈரம் இருந்தால் சில நாளிலேயே வெள்ளையாகப் படரும். படர்ந்ததை மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட வேண்டாம். முழுசையும் கொட்டிவிட்டு, பாட்டிலை வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.